மூடும் பிளாங்க்டன் வலை: ஒரு வருடம் இழுத்துப் பார்த்த பிறகு

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண்ணிப் பையை மட்டும் வாங்கி, அதில் விழுவதுதான் கடலின் மொத்த மக்கள்தொகை என்று நம்பப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். குறைந்த ஒன்றரையில் ஒன்று நீரளவு மானிக்காக, அரை நுனிக் குடுவைக்காக.

பொருள் இதுதான்: கடல்நீரில் மிதந்து திரியும் சின்னஞ்சிறு உயிர்களை, அதாவது பிளாங்க்டனை, பிடிக்கும் டபிள்யூபி-2 வகை வலை, மூடும் பொறியோடு. இந்த வடிவம் எந்தத் தயாரிப்பாளருடைய சொத்தும் இல்லை. 1968-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பரிந்துரையிலிருந்து வந்தது. இன்று பலர் தைத்து விற்கிறார்கள். வாய் வளையம் 57 செ.மீ. விட்டம், அதாவது கால் சதுர மீட்டர் பரப்பு. மேலே உருளை, கீழே கூம்பு, நுனியில் குடுவை. மொத்தம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கண்ணி நைலான். அடியில் எடை கட்டிச் செங்குத்தாக இறக்கி, நிமிடத்துக்கு 45 மீட்டர் வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். எனக்கு விற்றவர்களின் பெயர் இங்கே வராது. தையல் பிரமாதம், மற்றதைப் போகப்போகத் திட்டியிருக்கிறேன்.

நான் பதினொரு வருடமாக நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து கோபிபாட் எண்ணுகிற ஆள். தமிழில் துடுப்புக்காலி என்பார்கள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், பெரும்பாலானவை எறும்பை விடச் சிறியவை. வலையில் சிக்கும் விலங்கு மிதவை உயிரிகளில் எண்ணிக்கையில் முந்தி நிற்பவை இவைதான். இத்தனை வருடமும் எனக்கு வந்த குடுவைகள் எல்லாம் திறந்த வலையில் இழுத்தவை. 400 மீட்டரில் தொடங்கி மேற்பரப்பு வரை வாயைத் திறந்தபடியே வந்த வலை. ஒரு துளியைத் தட்டில் ஊற்றினால் வெயிலில் வாழ்வதும் இருட்டில் வாழ்வதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அதைப் பார்த்து இது அதைத் தின்கிறது என்று அம்புக்குறி போட்ட படங்கள் வரைந்திருக்கிறேன். ஒரே குடுவையில் கிடந்ததால் ஒரே பந்தியில் உட்கார்ந்தவை என்று ஆகிவிடுமா? வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்திருக்காத இரண்டு பிராணிகளை நான் வேட்டைக்காரனும் இரையுமாக ஆக்கியிருக்கலாம். அந்த உறுத்தலில்தான் மூடும் வலை கேட்டேன். இழுப்பதற்கும் நானே படகில் போனேன்.

மூடும் பொறி எளிமையானது. வலையின் நடுவில் ஒரு பட்டையைச் சுற்றி ஒரு சுருக்குக் கயிறு. இழுக்கும் கம்பி வழியாக ஒரு பித்தளைக் குண்டைச் சறுக்கி விட்டால், அது கீழே போய்ப் பொறியைத் தட்டும். வாய் வளையம் கழன்று தொங்கும், பாரம் முழுவதும் சுருக்குக் கயிற்றுக்கு மாறும், கழுத்தை நெரித்த மாதிரி வலை மூடிக்கொள்ளும். மெசஞ்சர் என்று படகில் சொல்வது அந்தக் குண்டைத்தான். 400 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை இழுத்துவிட்டு மூடினால், அந்த அடுக்கில் இருந்தவை மட்டும் மேலே வரும். பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஒரே இறக்கத்தில் ஐந்து வலைகளை மாற்றி மாற்றித் திறக்கும் மோட்டார் கருவிகள் இருக்கின்றன, தெரியும். அதற்குப் பெரிய கப்பலும் ஒரு மின்னணுத் தொழில்நுட்ப ஆளும் வேண்டும். எங்களிடம் இருந்தது கம்பியைச் சுற்றி இழுக்கும் ஒரு சின்ன வின்ச்சும் அதை ஓட்டுகிற பொறுமைசாலியும்.

பொறி எளிமைதான், நேரக்கணக்கு எளிமை இல்லை. குண்டு இறங்கும் நேரத்திலும் வலை மேலே வந்துகொண்டிருக்கிறது. வின்ச்சை நிறுத்திவிட்டுக் குண்டை விடலாமே என்றால், வலை நின்ற நொடியில் நீச்சல் தெரிந்தவை வாய் வழியாக வெளியே போய்விடும். அதனால் ஓடும்போதே, கொஞ்சம் முன்கூட்டியே விட வேண்டும். முதல் மாதம் தாமதமாக விட்டு, 200-இல் மூட வேண்டியது 140-இல் மூடியது. வலையில் ஆழமானி கட்டியிருந்ததால்தான் தெரிந்தது. அப்புறம் கற்றுக்கொண்டோம்: கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றால், குண்டு பொறியைத் தட்டும்போது ஒரு சின்னத் துடிப்பு வரும். கையேட்டில் இது இல்லை.

ஆழமானியை மிச்சப்படுத்தாதீர்கள். படகு காற்றில் நகர்ந்து கம்பி 30 டிகிரி சாய்ந்தால், 400 மீட்டர் கம்பி விட்டாலும் வலை 346 மீட்டரில்தான் இருக்கும்.

எங்கள் நிலையம் குளிர்ந்த கடலில், அடி 450 மீட்டர். மாதம் ஒருமுறை, பகலிலும் இரவிலும், நான்கு அடுக்கு: 0–50, 50–100, 100–200, 200–400. ஆக ஒரு நாளுக்கு எட்டு முறை இறக்கம். இனி பருவத்துக்குப் பருவம் வலை எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிறேன். இந்த வலை நல்லதா கெட்டதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, மாதத்தைப் பொறுத்தது.

குளிர்காலத்தில் தொடங்கினோம். மேல் 50 மீட்டரின் குடுவையைப் பார்த்து வலை கிழிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன், அவ்வளவு காலி. மெல்லிய ஓய்தோனா கோபிபாட்கள் சில, ஓரிரண்டு அம்புப்புழு (கோபிபாட்களை வேட்டையாடும் மெல்லிய புழு), அவ்வளவுதான். வெளிச்சம் குறைவு, தண்ணீர் ஆழம்வரை மேலும் கீழுமாகக் கலந்து கிடக்கிறது, பாசிக்கு வளர வழியில்லை. ஆனால் 200–400 அடுக்கின் குடுவை வந்தபோது சிவப்புக் கலந்த ஒரு மங்கல் தெரிந்தது. கலானஸ் என்ற பெரிய கோபிபாட், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட எல்லாமே ஐந்தாம் கோபிபோடைட் நிலையில், அதாவது பருவமடைய ஒரே ஒரு தோலுரிப்பு பாக்கி. உடம்புக்குள் நீளவாக்கில் கண்ணாடி மாதிரி ஓர் எண்ணெய்ப் பை. உலர் எடையில் பாதிக்கு மேல்கூட அந்த மெழுகெண்ணெயாக இருக்கும். குடல் காலி. ஊசியால் தொட்டால்கூடத் துள்ளுவதில்லை. உறக்கநிலை. வசந்தம் வரும்வரை சாப்பாடே இல்லாமல், சேர்த்து வைத்த எண்ணெயில் காலம் தள்ளுகிறது.

இதைப் புத்தகத்தில் நூறு முறை படித்திருக்கிறேன். ஆனால் அதே குடுவையில் கூட வந்தவற்றைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. யூகீட்டா என்ற வேட்டைக் கோபிபாட், கலானஸைவிடப் பெரியது, துறுதுறுவென்று இருந்தது. ஆழத்து அம்புப்புழுக்கள், வாயோரம் கொக்கிகளோடு. இவை தூங்கவில்லை. மேலே கடல் பட்டினி கிடக்கிறது, கீழே ஒரு நெற்களஞ்சியம் நிறைந்திருக்கிறது, உள்ளே எலிகள் விழித்திருக்கின்றன. குளிர்கால உணவு வலையின் கனமான பகுதி மேலே இல்லை, கீழே இருக்கிறது. அதற்குத் தீனி போட்டது போன கோடையின் பாசி. திறந்த வலையில் இது எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. குளிர்காலத்துக்கு மட்டும் தனியாக மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

வசந்தம் வந்தது, வலை மானத்தை வாங்கியது. டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசியின் பெருக்கம் தொடங்கிய பதினைந்து நாளில் மேலடுக்குகளில் வலை அடைத்துக்கொண்டது. சங்கிலி சங்கிலியாகக் கோத்த டயாட்டங்களும், ஃபியோசிஸ்டிஸ் பாசியின் சளிக் கட்டிகளும் கண்ணிகளை மெழுகிவிட்டன. வெளியே எடுத்தால் பச்சையும் பழுப்புமாக ஒரு வழுவழுப்பு, மோசமான வாடை. அடைத்த வலை தண்ணீரை வடிகட்டுவதில்லை, முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. 50 மீட்டர் இழுத்தால் கணக்குப்படி பன்னிரண்டரை கன மீட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். உண்மையில் எவ்வளவு போனது என்று சொல்ல வேண்டியது நீரளவு மானி.

இங்கேதான் அந்த ஒரு மதிப்பெண் போனது. கூடவே கொடுத்த மானியில் பின்னோட்டத் தடுப்பு இல்லை. வலையை இறக்கும்போது தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் போகுமே, அப்போதும் சுழலி சுற்றுகிறது, எண்ணும் மாறுகிறது. செங்குத்தாக இறக்கி ஏற்றும் வலைக்கு இப்படி ஒரு மானியைத் தருவது, திரும்பும்போதும் மீட்டர் ஓடுகிற வாடகை வண்டி மாதிரி. எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்துக் கையேட்டின் அதே பக்கத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வேறிடத்திலிருந்து தடுப்பு உள்ள மானி வாங்கி மாட்டினோம். வசந்தத்தின் முதல் இரண்டு மாத எண்ணிக்கைகளுக்குப் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மானியை விடுங்கள், குடுவைக்குள் இருந்தது வேறு கடல். கலானஸ் மேலே ஏறி முதிர்ந்துவிட்டது. குடல் பச்சையாகத் தெரிகிறது. பாசி, அதைத் தின்னும் கோபிபாட், அதைத் தின்னும் மீன்குஞ்சு என்று பள்ளிப் புத்தகத்தில் வரைவார்களே, அந்த மூன்று படிச் சங்கிலி உண்மையாக இருப்பது இந்தச் சில வாரங்கள்தான். அதிலும் ஓட்டை உண்டு: கலானஸ் தன் இனத்தின் முட்டைகளையே தின்னும். முட்டை 200 மைக்ரானுக்கும் சிறியது, ஆகவே என் வலையில் நிற்காது. தின்றது இருக்கிறது, தின்னப்பட்டது கண்ணி வழியாகப் போய்விட்டது.

கோடையில் இந்த ஓட்டை பெரிதாகிறது. மேலே வெதுவெதுப்பான நீர் மூடிபோல் உட்கார்ந்துவிடும், கீழிருந்து உரச்சத்து வராது, பெரிய டயாட்டங்கள் போய் மிகச் சிறிய பாசிகள் மிஞ்சும். கலானஸுக்கு இவை கைக்கு அகப்படாத தூசி. இவற்றைத் தின்பவை சிலியேட்டுகளும் (மயிரிழைகளால் நீந்தும் ஒற்றைச்செல் உயிர்கள்) மற்ற ஒற்றைச்செல் வேட்டையாளர்களும். அவற்றைத் தின்றுதான் கோபிபாட்கள் வாழ்கின்றன. சங்கிலியில் ஒரு படி, சில நேரம் இரண்டு படி கூடுகிறது. உலகக் கடல்களில் பாசி ஒரு நாளில் உற்பத்தி செய்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த நுண்ணுயிர் மேய்ப்பர்களே தின்றுவிடுவதாகக் கணக்கு. என் வலையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஓய்தோனாவும் அப்படித்தான், நீளம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவு, உடம்பு ஒல்லி, கண்ணிக்குள் நழுவிப்போகும். சந்தேகம் வந்து ஒரு நாள் 64 மைக்ரான் கைவலையை 0–50 அடுக்கில் இழுத்துப் பார்த்தேன். ஓய்தோனா மொய்த்துக் கிடந்தது. அன்று மாலை பதினொரு வருடக் கணக்குப் புத்தகங்களைத் திறக்கவே மனம் வரவில்லை.

இன்னொரு கோடைத் தொல்லை, வழுக்குப் பிராணிகள். சீப்பு ஜெல்லிகள் வலையில் கூழாகிவிடும். கூழாகாமல் வந்தாலும், மாதிரி கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினில் கரையும். ஓய்கோப்ளூரா என்ற வாலுயிரி தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு வடிகட்டி வீடு கட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளைக்கூட அது பிடிக்கும். அடைத்துப்போனால் வீட்டை உதறிவிட்டுப் புதிது, ஒரு நாளில் பல முறை. உதறிய வீடுகள் கழிவோடும் செத்த பாசியோடும் ஒட்டிக்கொண்டு கடல் பனியாக இறங்கும். என் குடுவையில் வந்ததோ வீடில்லாத வாலுயிரிகள்தான், நிர்வாணமாக. வீடுகள் கண்ணியில் பட்டு உடைந்துவிட்டன. ஆனால் 100–200 அடுக்கில் ஓன்கியா என்ற குட்டிக் கோபிபாட் வந்தது. அது அந்த வீடுகளிலும் கடல் பனியிலும் ஒட்டிக்கொண்டு தின்பது. சாப்பாடு வலையில் இல்லை, சாப்பிட வந்தது இருக்கிறது. இப்படிச் சாட்சியை வைத்துச் சம்பவத்தை ஊகிக்கப் பழகிவிட்டேன்.

மேற்பரப்பில் எவாட்னே, போடான் என்ற நீர்த்தெள்ளுகள் கோடையில் திடீரென்று நிறைந்தன. குளிர்காலத்தில் எங்கே போயிருந்தன என்று கேட்டால், முட்டையாகக் கடலடிச் சேற்றில். எந்த அடுக்கில் வலையை மூடினாலும் கிடைக்காது.

இரவு இழுப்பைத் தவிர்க்காதீர்கள், தூக்கம் போனாலும் சரி. மெட்ரிடியா என்ற கோபிபாட் பகலில் 200–400 குடுவையில் கூட்டமாக இருந்தது. இரவில் 0–50 குடுவையில். இருட்டியதும் ஏறி, மேலே மேய்ந்து, விடிவதற்குள் இறங்கிவிடும். கண்ணால் வேட்டையாடும் மீன்களுக்குப் பயந்துதான் இந்த அலைச்சல். மேலே தின்றதைக் கீழே கொண்டுபோய்க் கழிக்கிறது, மூச்சாக விடுகிறது, அங்கேயே வேறு ஒன்றுக்கு இரையும் ஆகிறது. தானாக விழும் துகள்களில் எவ்வளவு ஆழத்துக்குப் போய்ச்சேரும் என்பதற்கு 1987-இல் கடலியலாளர் ஜான் மார்ட்டினும் குழுவினரும் கொடுத்த சூத்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 100 மீட்டரைக் கடப்பதில் 400 மீட்டரை எட்டுவது சுமார் 30 சதவீதம், 1,000 மீட்டரை எட்டுவது சுமார் 14. மீதி வழியிலேயே தின்னப்படுகிறது, அழுகுகிறது. ஆழத்தில் இருப்பவர்களுக்கு இந்த மிச்சமும், மெட்ரிடியா மாதிரி இரவுப் பயணிகள் சுமந்து வருவதும்தான் வரும்படி. இரவு இறக்கத்தில் வலை மேலே வரும்போது குடுவைக்குள் நீலப் பொறிகள் தெறித்தன. மெட்ரிடியா ஒளி உமிழும். வின்ச் ஓட்டுபவர் எதுவும் சொல்லவில்லை, மேல்தள விளக்கை மட்டும் அணைத்தார்.

கிரில் என்ற இறால் மாதிரிப் பிராணி விஷயத்தில் இந்த வலையை நம்பவே வேண்டாம். வாய் சின்னது, பகல் வெளிச்சத்தில் அவை வலையைப் பார்த்து விலகிவிடும். இரவில் நாலைந்து வரும். அது இடம்பெயர்வா, வலை கண்ணில் படாததா என்று இந்த வலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இலையுதிர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேலே ஒரு சின்னப் பாசிப் பெருக்கம், கொழுத்த அம்புப்புழுக்கள், கீழே கலானஸ் ஏற்கெனவே படுத்துவிட்டது. உண்மையில் அது கோடை நடுவிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. மேலே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே குளிர்காலம் ஆரம்பித்துவிட்டது. 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னால் இழுபட்டு வரும், ஆலிஸ்டர் ஹார்டி என்ற கடலுயிரியலாளர் வடிவமைத்த பிளாங்க்டன் பதிவுக் கருவி மாதம் மாதமாகப் பிரமாதமான வரலாறு வைத்திருக்கிறது. ஆனால் அது போவது மேற்பரப்பிலிருந்து பத்து மீட்டருக்குள். அதைப் பார்த்தால் கலானஸ் காணாமல் போனது தெரியும், எங்கே போனது என்று தெரியாது. அந்த மீதியைக் காட்டுவதுதான் இந்த வலையின் வேலை.

இனி குடுவை. அரை மதிப்பெண்ணைத் தின்றது இதுதான். திருகு உப்பில் இறுகிக்கொள்கிறது. அதைவிட முக்கியம், கொள்ளளவு போதாது. பிடிபட்டவை எல்லாம் சின்ன இடத்தில் நெருக்கியடிக்கும்போது ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். அம்புப்புழுவின் வயிற்றில் ஒரு கோபிபாட் இருந்தால், கடலில் தின்றதா என் குடுவையில் தின்றதா? 400 மீட்டரிலிருந்து ஏறவே ஒன்பது நிமிடம் ஆகிறது. வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும் இரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதுவும் முழுத் தீர்வு இல்லை.

அதனால் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதோடு நைட்ரஜன் ஐசோடோப்புக்கும் கொஞ்சம் மாதிரி அனுப்பினோம். இதற்கு ஃபார்மலின் கூடாது, உறையவைக்க வேண்டும். உணவுப்படி ஒன்று ஏறினால் நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் வகை சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும் என்பது வழக்கமான கணக்கு. ஆழத்து மாதிரிகளுக்கு எண் உயர்வாக வந்ததும், அங்கே எல்லாமே வேட்டைக்காரர்கள் என்று எழுதப் போனேன். நல்லவேளை, வேதியியல் தெரிந்தவர் தடுத்தார். ஆழம் போகப்போக மிதக்கும் துகள்களிலேயே நைட்ரஜன்-15 கூடுகிறது, பாக்டீரியாக்கள் அதை முன்பே மென்று துப்பிவிடுவதால். பழைய துகளைத் தின்னும் சாதுவும், புது இரையைத் தின்னும் வேட்டையாளனும் ஒரே எண்ணைக் காட்டலாம். பிரித்தறிய அமினோ அமிலம் அமினோ அமிலமாக அளக்க வேண்டும்: படி ஏற ஏற குளூட்டாமிக் அமிலத்தில் எண் ஏறும், ஃபீனைல்அலனினில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இதெல்லாம் வலையின் குற்றம் இல்லை. ஆனால் அடுக்கு அடுக்காகப் பிடித்துக் கொடுத்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. திறந்த வலை மாதிரியில் எல்லாம் சராசரியாகிப் போயிருக்கும்.

பராமரிப்பு: ஒவ்வொரு நாள் முடிவிலும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள், வெயில் நைலானைக் கெடுக்கும். சுருக்குக் கயிறு எட்டாவது மாதத்தில் நூல்விடத் தொடங்கியது, மாற்றினோம். பை இன்னும் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை.

ஆர்டர் போடும்போதே பின்னோட்டத் தடுப்பு உள்ள மானியையும் அகலமான குடுவையையும் கேளுங்கள். அதே வளையத்தில் மாட்டக்கூடிய 64 அல்லது 100 மைக்ரான் பை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெசஞ்சர் குண்டு இரண்டாக வாங்குங்கள். ஒன்று எப்படியும் கடலுக்குப் போகும். எங்களுடையது ஒன்பதாவது மாதம், இரவு இறக்கத்தில், என் கையிலிருந்தே போனது.